பெரிய வியாழனுக்கு முன் மகளுக்கு எழுதியது

தூத்துக்குடி,
தவக்காலம், நான்காம் வாரம்.

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் எல்லாரும் சுகம். உன் சுகமும் மாப்பிள்ளை சுகமும் அறிய ஆசை. தம்பியின் சிநேகிதன் சென்னைக்கு வருகிறான், அவன் கையில் ஒரு கிலோ மக்ரூன் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். வந்ததும் வேறு டப்பாவில் போட்டு இறுக்கி மூடி வை, நமுத்துவிடும். ஊளிக் கருவாடும் இருக்கிறது. போன தடவை மாப்பிள்ளை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்பதால் கொஞ்சம் கூடவே வைத்திருக்கிறேன்.

செய்தி என்று பார்த்தால் நிறைய இருக்கிறது. தம்பிக்குத் துறைமுகத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டது. மாடி ஒழுகுவதை மழைக்கு முன்னால் சரி பண்ண வேண்டும் என்று அப்பா கொத்தனாரிடம் பேசியிருக்கிறார். எதிர்வீட்டு அக்கா மகளுக்கு நிச்சயம் முடிந்தது. இதையெல்லாம் விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. ஃபோனில் பேசலாம் என்றால் "ம்", "சரிம்மா", "வேலை இருக்கும்மா" என்று நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தை வைக்க முடியாது, படித்துத்தான் ஆக வேண்டும்.

உன் அத்தை போன வாரம் ஃபோன் பண்ணினார்கள். நாசரேத்தில் கோயில் அசன விருந்துக்கு எங்களையும் கூப்பிட்டார்கள். பேச்சோடு பேச்சாக, சென்னைக்கு வந்திருந்தபோது உங்களோடு அவர்கள் புரொட்டஸ்டண்ட் கோயிலுக்குப் போனதைச் சொன்னார்கள். அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்து போனார்களாம், நீ மட்டும் உட்கார்ந்தே இருந்தாயாம். "ஆர்.சி. பிள்ளைதானே, அங்க உள்ள வழக்கம், நாங்க ஒண்ணும் நினைக்கல" என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். நானும், "ஆமா, எங்க சபையில வெளிய வாங்கக் கூடாதுன்னு சட்டம் உண்டு" என்று சொல்லி வைத்தேன்.

சட்டம் உண்மைதான். ஆனால் கல்யாணமானதிலிருந்து நீ அங்கே வாங்கிக்கொண்டிருந்தாய் என்பது எனக்குத் தெரியும். மாப்பிள்ளை மறைக்கிற ஆள் இல்லை. அதைக் கேட்ட அன்றைக்கு நான் இருந்த இருப்பு உனக்கும் தெரியும். அன்று நீ அங்கே வாங்குகிறாய் என்று அழுதேன். இன்று வாங்கவில்லை என்று கேட்டு அதைவிடப் பயமாக இருக்கிறது. ஏனென்றால் கிறிஸ்துமஸ் நடுச்சாமப் பூசையில் நீ என் பக்கத்தில்தான் இருந்தாய். நன்மைக்கு, அதாவது நம் திருவிருந்துக்கு, நான் எழுந்தபோது, நீ முழங்காலை ஒதுக்கி எனக்கு வழிவிட்டாய்.

நான் கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை. யார் நன்மை வாங்குகிறார், யார் வாங்கவில்லை என்று கண்ணால் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், அது அவர்களுக்கும் ஆண்டவருக்கும் உள்ளது என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். ஆகவே உன்னைப் பற்றி எழுதவில்லை. பொதுவாக எழுதுகிறேன். நீ படி.

கல்யாணமான புதிதில் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாவசங்கீர்த்தனத்தை, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்குவதை, வைத்து மாப்பிள்ளை கேட்டது ஞாபகம் இருக்கிறதா? "அத்தை, கோவப்படக் கூடாது. பாவம் கடவுளுக்கு விரோதமா செய்தது. மன்னிப்பை அவர்கிட்டயே கேட்டாப் போதாதா, நடுவுல இன்னொரு மனுசன் எதுக்கு?" உடனே அப்பா, "அப்படிக் கேளுங்க மாப்பிள்ளை" என்று அந்தப் பக்கம் சேர்ந்துகொண்டார். அப்பா கதை உனக்குத் தெரிந்ததுதான். அவரைத் திட்டிய அந்தச் சாமியார் மாற்றலாகிப் போய் எத்தனையோ வருஷம் ஆயிற்று, இவர் கோபம் மட்டும் இந்தப் பங்கைவிட்டு மாறவில்லை. அன்றைக்கு மாப்பிள்ளை தீமோத்தேயு முதல் கடிதம் சொன்னார், கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவே இயேசு ஒருவரே என்று. நான் யோவான் இருபதாம் அதிகாரம் சொன்னேன். நீ பேசாமல் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய். யார் பக்கம் என்று நீ சொல்லவே இல்லை.

அதற்குப் பிறகு நான் படித்தேன். மாப்பிள்ளையை ஜெயிக்க அல்ல. என் பிள்ளை எங்கே போய் வாழ்கிறாள் என்று தெரிந்துகொள்ள.

மன்னிக்கிறவர் கடவுள்தான் என்பதில் நமக்கும் அவர்களுக்கும் சண்டையே இல்லை. சாமியார் தன் சொந்தப் பேரில் ஒரு பாவத்தையும் மன்னிப்பதில்லை, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பேரால்தான் மன்னிக்கிறார். அவரும் இன்னொரு சாமியாரிடம் போய் முழந்தாளிட வேண்டியவர்தான். 2014 தவக்காலத்தில் போப் பிரான்சிஸ் புனித பேதுரு பேராலயத்தில் எல்லார் கண் முன்னாலும் ஒரு குருவிடம் முழந்தாளிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்தாரே, அந்தப் படத்தை நான் வகுப்பில் காட்டுவேன். நான் சொன்ன யோவான் இருபதில், உயிர்த்த அன்று சாயங்காலம் ஆண்டவர் சீடர்கள்மேல் ஊதி, நீங்கள் யாருடைய பாவத்தை மன்னிக்கிறீர்களோ அது மன்னிக்கப்படும், மன்னிக்காமல் விடுகிறீர்களோ அது நிற்கும் என்றார். மன்னிப்பதா நிறுத்தி வைப்பதா என்று தீர்க்க வேண்டுமானால் பாவம் என்னவென்று கேட்க வேண்டாமா? ஆகவே சாவான பாவங்களை, அதாவது சொல்லாமல் நன்மை வாங்கக் கூடாத பெரிய பாவங்களை, ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும் என்று 1551ல் திரிதெந்து நகரில் கூடிய ஆயர்கள் சங்கம் சொல்லிற்று. அதே வசனத்தை மாப்பிள்ளை சபையார் வேறு விதமாக வாசிக்கிறார்கள். சுவிசேஷத்தைச் சொல்லும் அதிகாரம் சபை முழுவதற்கும் கொடுக்கப்பட்டது, அதை நம்புகிறவனுக்கு மன்னிப்பு, நம்பாதவனுக்கு இல்லை, போதகர் அதை அறிவிக்கிறவர் மட்டும்தான் என்று. மதிகெட்ட வாசிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு அது போதவில்லை, அவ்வளவுதான்.

நம் பக்கத்திலும் எல்லாக் காலத்திலும் இப்படியே நடந்ததில்லை. ஆதிச் சபையில் கொலை, விபசாரம், விசுவாசத்தை மறுதலித்தது போன்ற பெரும் பாவங்களுக்கு ஊரறியத் தவம். நீண்ட காலம் நன்மை கிடையாது. ரோமையில் அவர்களை, ஈஸ்டருக்கு முந்திய வியாழனான பெரிய வியாழனன்றுதான் ஆயர் திரும்பச் சேர்த்துக்கொள்வார். ஆளுக்குத் தனியாக, காதோடு சொல்லுகிற முறையை ஆறு ஏழாம் நூற்றாண்டுகளில் பரப்பியவர்கள் அயர்லாந்துத் துறவிகள். வருஷத்துக்கு ஒரு தரமாவது என்று சட்டமானது 1215ல், நான்காம் லாத்தரன் சங்கத்தில். பாவசங்கீர்த்தனம் கேட்க இப்போதிருக்கிற தொட்டி, நடுவில் தட்டி, இதெல்லாம் பதினாறாம் நூற்றாண்டில் மிலான் நகரத்து ஆயர் சார்லஸ் பொரோமியோ கொண்டுவந்த ஏற்பாடு. ஊர் முன்னால் நின்ற பாவியை மெதுமெதுவாக ஒரு மறைவுக்குள் கூட்டி வந்திருக்கிறது சபை. இதில் எனக்குத் திருச்சபைமேல் பெரிய மரியாதை. பாவி வெட்கப்படுவாள் என்று தெரிந்துகொண்ட தாய் அது.

புரொட்டஸ்டண்ட் சபைகள் பிரியக் காரணமான லூத்தரைப் பற்றியும் படித்தேன். சின்ன வயதில் நமக்குச் சொல்லிக்கொடுத்த லூத்தர் வேறு. மடத்தில் இருந்த காலத்தில் அந்த மனிதர் மணிக்கணக்காகப் பாவசங்கீர்த்தனம் சொல்லுவாராம். சொல்லிவிட்டு எழுந்து வந்த பிறகும், ஒன்றை மறந்துவிட்டேனோ, சரியாக மனஸ்தாபப்பட்டேனோ என்று அவரை அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. இப்படிப்பட்ட ஒருவர் இருக்கிற நாட்டில் பாவமன்னிப்புச் சீட்டைக் காசுக்கு விற்றால் அவர் என்ன செய்வார்? 1517ல் எழுந்தார். அந்தப் பயத்தைப் படித்த பிறகு எனக்கு அவர்மேல் இருந்த கோபம் போய்விட்டது, ஐயோ பாவம் என்றிருந்தது. நீ கவனிக்க வேண்டியது இதுதான்: அவர் பாவசங்கீர்த்தனத்தைத் தூக்கி எறியவில்லை. தன் சிறிய ஞானோபதேசப் புத்தகத்தில் அதற்கு ஒரு முறையே எழுதி வைத்தார். 1530ல் அவருடைய ஆட்கள் பேரரசர் முன்னால் வைத்த ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையிலும், தனியாக மன்னிப்புப் பெறுவதைச் சபையில் வைத்துக்கொள்ள வேண்டும், எல்லாப் பாவத்தையும் பட்டியல் போட மட்டும் தேவையில்லை, ஏனென்றால் தன் பிழைகளை உணருகிறவன் யார் என்று சங்கீதமே கேட்கிறது என்றுதான் இருக்கிறது.

மாப்பிள்ளை சபை ஆங்கிலேயர் வழியாக வந்தது. அவர்கள் 1662 ஜெபப் புத்தகத்தில், நோயாளியின் மனசாட்சி ஏதாவது ஒரு கனத்த காரியத்தால் கலங்கினால் அதை அறிக்கையிடத் தூண்ட வேண்டும், பிறகு குரு அவனைப் பாவத்திலிருந்து விடுவிக்க வேண்டும் என்று இருக்கிறது. கட்டாயம் இல்லை. வழி அடைபடவும் இல்லை. மாப்பிள்ளையிடம் கேட்டுப் பார், அவருக்கே இது தெரியுமா என்று எனக்குச் சந்தேகம்.

உன் கல்யாணத்துக்கு மறு ஞாயிறு நான் நாசரேத்தில் அவர்களோடு ஆராதனையில் இருந்தேன். சபை முழுவதும் முழந்தாளிட்டு ஒரே குரலாகப் பாவ அறிக்கை சொன்னது. அவர்கள் போதகரான ஐயர் எழுந்து மன்னிப்பைக் கூறினார். எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. நம் பூசைத் தொடக்கத்தில் மார்பில் தட்டி "என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே" என்று சொல்கிறோமே, அதற்கு இது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. ஆனால் எல்லாரும் சேர்ந்து சொல்லும்போது என் பாவம் உன் பாவத்துக்குள் ஒளிந்துகொள்கிறது. அன்றைக்கும் அப்படித்தான் தோன்றிற்று, இன்றைக்கும் அப்படித்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுக்கிற மன்னிப்பு வேண்டியிருக்கிறது சில நேரம்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை சொல்வது நிஜமாகவே உன் மனதில் இறங்கியிருந்தால் நான் இவ்வளவு கலங்க மாட்டேன். வருத்தப்படுவேன், செபமாலை சொல்லுவேன், அவ்வளவுதான். அவர்கள் விசுவாசம் என்ன? சிலுவையில் ஒரே தரமாக எல்லாம் தீர்ந்தது, மனம் திரும்பிக் கேட்டவளுக்கு மன்னிப்பு உண்டு, எழுந்து போய் வாங்கு. நீ அதை நம்பியிருந்தால் அங்கே எழுந்து போயிருப்பாய். நம் விசுவாசம் என்ன? சாமியாரிடம் போ, சொல், மன்னிப்பைக் காதால் கேள், எழுந்து வந்து நன்மை வாங்கு. அதை நம்பியிருந்தால் இங்கே எழுந்திருப்பாய். நீ அங்கேயும் எழவில்லை, இங்கேயும் எழவில்லை. இரண்டு வீட்டு வாசலும் திறந்திருக்க, தெருவில் நின்று நனைகிற பிள்ளை மாதிரி நிற்கிறாய். எந்த வீட்டுக்குள் போவது நியாயம் என்று யோசிக்கிறேன் என்று சொல்லாதே, அது உன் காரணம் இல்லை. ஐந்நூறு வருஷமாக இரண்டு சபையும் சண்டை போட்டது மன்னிப்பு எந்த வழியாக வந்து சேருகிறது என்பதற்காக. மன்னிப்பு இல்லை என்று இரண்டில் ஒன்றும் சொல்லவில்லை. நீயாக மூன்றாவது ஒரு வேதத்தை உண்டாக்கி, அதில் உனக்கு மட்டும் மன்னிப்பு இல்லை என்று எழுதி வைத்திருக்கிறாயா?

கோபமாக எழுதிவிட்டேன். கோபம் இல்லை.

நீ எப்படிப்பட்ட பிள்ளை என்று எனக்குத் தெரியாதா? நீ முதன்முதலாக நன்மை வாங்கிய புதுநன்மைக்கு முதல் நாள், வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் "பொய் சொன்னேன், கீழ்ப்படியவில்லை" என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டு நிற்க, நீ மட்டும் ஒரு தாளில் பொடி எழுத்தில் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாய். "இது போதுமாம்மா, பாருங்க" என்று நீட்டினாய். நான் பார்க்க மாட்டேன், சாமியிடம் மட்டும் காட்டு என்று கண்ணை மூடிக்கொண்டேன். உள்ளே போய்விட்டு எவ்வளவு சந்தோஷமாக ஓடி வந்தாய்! பரீட்சையில் நூறு வாங்கிய நாளில்கூட உன் முகம் அப்படி இருந்ததில்லை. நம் குடும்பத்தில் உன்னைப்போல் மனசாட்சி உள்ள பிள்ளை இல்லை என்று ஆச்சி சொல்லுவார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அந்த மனசாட்சியே உன்னை எழவிடாமல் பிடித்து வைத்திருக்கிறதோ என்றுதான் இப்போது பயமாக இருக்கிறது. லூத்தரைப் பற்றி அவ்வளவு நீளமாக எழுதியதும் அதனால்தான்.

சாமியாருக்குத் தெரிந்துவிடுமே என்று பயமா? தெரியட்டும். அவர் வெளியே சொன்னால் அந்த நிமிஷமே திருச்சபையிலிருந்து விலக்கப்படுவார், அவ்வளவு கடுமையான சட்டம். கொலைகாரன் சொன்னாலும் போலீசிடம் சொல்லக் கூடாது, நீதிமன்றத்தில் சொல்லக் கூடாது. 1393ல் பிராகா நகரத்து ஆற்றில் அரசன் கட்டளையால் மூழ்கடிக்கப்பட்ட யோவான் நெப்போமுக், அரசியின் பாவசங்கீர்த்தனத்தைச் சொல்ல மறுத்ததால் செத்தார் என்பது பாரம்பரியம். அரசனோடு அவருக்கு வேறு தகராறும் இருந்தது என்று சரித்திரக்காரர்கள் சொல்வார்கள். இருந்தாலும் இத்தனை நூற்றாண்டாக மக்கள் அவரை எதற்காக நினைத்து வைத்திருக்கிறார்கள் பார்.

கேட்கிறவரை மட்டுமல்ல, தற்செயலாகக் காதில் விழுந்தவர்களையும் அந்தச் சட்டம் கட்டும். ஆச்சிக்குக் காது மந்தமான பிறகு நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். தான் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு அவர்கள் தொட்டியில் சொல்லச் சொல்ல, வரிசையில் நின்ற பொம்பளைகள் எல்லாரும் பின்னாலே தள்ளிப் போய்ச் சத்தமாகச் செபமாலை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்யவில்லை. ஆச்சி சாகிற வரைக்கும், செத்த பிறகும், அந்த வரிசையில் நின்ற ஒருத்தி வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை. நம் சனம் சட்டப் புத்தகம் படித்ததில்லை, பாவசங்கீர்த்தனம் என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும். தெரியாமல் இருக்குமா? 1530களில் திருமுழுக்கு வாங்கிய கடற்கரை இது. தமிழில் முதன்முதலாக அச்சேறிய புத்தகங்களில் ஒன்று பாவசங்கீர்த்தனம் செய்ய வழி சொல்கிற புத்தகம், 1580ல் கொச்சியில் அச்சானது. அதைச் செய்த என்றீக்கஸ் அடிகளார் இந்தக் கடற்கரையிலேயே வாழ்ந்து தமிழ் படித்தவர், தூத்துக்குடியில்தான் அடக்கம். கடலுக்குப் போய் முத்துக் குளித்தவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் தங்கள் பாவத்தைத் தங்கள் பாஷையில் சொல்ல வேண்டும் என்று அவர் பட்ட பாட்டுக்கு மேல் எனக்கு என்ன சொல்லத் தெரியும்?

இல்லை, பாவம் பெரிது என்று பயமா? எந்தப் பாவமும் பெரிதில்லை என்று நான் சொல்ல மாட்டேன், உனக்கும் அப்படிச் சொன்னால் பிடிக்காது. மன்னிக்க முடியாத அளவுக்குப் பெரிதில்லை. ஒரு உதாரணத்துக்குச் சொல்கிறேன். கருவைக் கலைத்த பாவத்துக்குச் சபை விலக்கம் உண்டு, அதை நீக்குகிற அதிகாரம் முன்பு ஆயருக்குத்தான். பல ஊர்களில் ஆயர்கள் அதைக் குருக்களுக்குக் கொடுத்திருந்தார்கள். 2016 நவம்பரில் போப் பிரான்சிஸ் இனி எல்லாக் குருக்களும் அதை மன்னிக்கலாம் என்று உலகம் முழுவதற்கும் எழுதிவிட்டார். ஆயர் வரைக்கும் போக வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டாம், எந்தக் கோயிலிலும் எந்தச் சாமியாரிடமும் சொல்லலாம். இதை ஏன் எழுதினாய் என்று என்னைக் கேட்காதே. வேறு உதாரணம் எழுதியிருக்கலாம். பணம் என்றாலும் அப்படித்தான், வேறு யாரோடாவது பழக்கம் என்றாலும் அப்படித்தான், யாரையோ மன்னிக்க முடியாத கசப்பு என்றாலும் அப்படித்தான்.

மாப்பிள்ளைக்குத் தெரிந்த காரியமா தெரியாத காரியமா என்றும் நான் கேட்கவில்லை. தொட்டியில் சொன்னதைப் புருஷனிடமும் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனால் அவர் நல்ல மனிதர். கருவாட்டைக் கேட்டு வாங்குகிற நாசரேத்து மாப்பிள்ளை எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அவர் கேட்டால் தாங்குவார் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு பேருமே சேர்ந்து சுமக்கிற காரியம் என்றால், அவரும் தன் ஐயரிடம் போகட்டும், அல்லது தன் அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு கடவுளிடம் கேட்கட்டும். அவர் வழியில் அவர் கேட்டால் கடவுள் காதை மூடிக்கொள்வார் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

நம் வழியிலும் அது உண்டு. 2020 மார்ச்சில் கோயில்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தபோது போப் பிரான்சிஸ் சொன்னார், சாமியார் கிடைக்காவிட்டால் உன் தகப்பனாகிய கடவுளிடமே உண்மையைச் சொல், மன்னிப்புக் கேள், பிறகு போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன் என்று வாக்குக் கொடு என்று. புதிதாக ஒன்றும் சொல்லவில்லை, உத்தம மனஸ்தாபம் என்று நம் ஞானோபதேசத்தில் இருப்பதுதான். கடவுள்மேல் உள்ள அன்புக்காகவே வருந்துவது, நரகத்துக்குப் பயந்து அல்ல. ஆகவே இன்று ராத்திரியே தொடங்கலாம். தூக்கம் வராமல் கிடக்கிற நேரத்தில் செய். தூங்குகிறாயா நீ? கிறிஸ்துமஸுக்கு வந்தபோது கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிடாதே. தவக்காலம் என்று பட்டினி கிடக்க உனக்கு இப்போது உடம்பில் தெம்பு இல்லை. நோன்பு யாருக்கு விலக்கு என்று சபையே சொல்லியிருக்கிறது.

பாவத்தைக் கேட்ட பிறகு சாமியார் பரிகாரமாகச் செய்யச் சொல்கிற அபராதம் என்ன கொடுப்பாரோ என்றும் யோசிக்காதே. பெரும்பாலும் ஒரு சங்கீதம், சில செபங்கள். யாருக்காவது நஷ்டம் பண்ணியிருந்தால் ஈடு செய்யச் சொல்வார். கிறிஸ்து எல்லாக் கடனும் தீர்த்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று மாப்பிள்ளை கேட்பார், கேட்கட்டும். அபராதம் மன்னிப்புக்குக் கொடுக்கிற விலை இல்லை. காயம் ஆறிய பிறகு கையை அசைத்துப் பழக்கச் சொல்லுவார்களே, அந்த வேலை என்றுதான் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பது.

பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்குப் போ. அங்கே ஆயிரம் பேர் வருவார்கள், உன்னை ஒருவருக்கும் தெரியாது. தமிழில் சொல்ல வாய் வரவில்லை என்றால் இங்கிலீஷில் சொல். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால், "என்னை ஆசீர்வதியும் சாமி, நான் பாவி, எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்று சொல், மீதியை அவர் கேட்டுக்கொள்வார். திட்டுகிற சாமியாராக வாய்த்தால் எழுந்து வந்து அடுத்த தொட்டிக்குப் போ. அப்பா செய்த மாதிரி ஒருவர் திட்டினதற்காக முப்பது வருஷம் வாசற்படியில் நிற்காதே. அப்பாவிடம் இந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தால் உன்னை விட்டுவிட்டு என்னோடு சண்டைக்கு வருவார்.

சென்னையில் முடியாது என்றால் பெரிய வியாழனுக்கு முன்னால் இங்கே வா. நம் பங்குச் சாமியாருக்கு உன்னைத் தெரியும், அவர் வேண்டாம். மணப்பாட்டுக்குப் போவோம். திருச்சிலுவைக் கோயிலுக்கு நேர்ச்சை என்று சொன்னால் வீட்டில் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். நீ கோயிலுக்குள் போ, நான் வெளியே இருக்கிறேன். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. வந்த பிறகு என்ன சொன்னாய், என்ன சொன்னார் என்று கேட்க மாட்டேன். உன் முகத்தையும் உற்றுப் பார்க்க மாட்டேன். வியாழன் ராத்திரிப் பூசையில் நீ எழுந்தாலும் சரி, எழாவிட்டாலும் சரி, நான் உன் பக்கத்தில்தான் இருப்பேன்.

முத்துநகர் எக்ஸ்பிரஸில் இந்த வாரமே டிக்கெட் போட வேண்டும், பண்டிகை நேரம், கிடைக்காது. தேதியை மட்டும் தம்பிக்கு அனுப்பு, அவன் போட்டுவிடுவான். ஒரு ஆளா இரண்டு ஆளா என்பதையும் சேர்த்துச் சொல்.

அன்புடன்,
அம்மா